மூன்றாந்தரம்

காலையில் ரியூசன் நிலையத்தில் இருந்து செல்வநாயகிக்கு அழைப்பு வந்தது. தயாளினிக்குச் சுகமில்லையா, ஒரு கிழமையாக வகுப்புக்கு வரவில்லையே என்று கேட்டார்கள். "ஓம், காய்ச்சல்" என்று சொல்லி வைத்துவிட்டாள். தயாளினிக்குக் காய்ச்சல் ஏதுமில்லை. மகள் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். இன்றைக்கும் ஏறினாள்.

மகளின் கைபேசிக்கு எடுத்துப் பார்த்தாள். அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அருளம்பலம் வெங்காயத் தோட்டத்தில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மனைவி வரம்பால் ஓடி வருவதைக் கண்டதும் பம்பை நிறுத்தினார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ரியூசனுக்குப் போகேல்லையாம். ஒரு கிழமையாப் போகேல்லையாம்."

"அப்ப எங்கை போறவள்?"

"தெரியேல்லை. போனும் நிப்பாட்டிக் கிடக்கு."

ஆரோ ஒரு பெடியன் என்றுதான் அவர் நினைத்தார். செல்வநாயகி நினைத்தது வேறு. உயர்தரப் பரீட்சையின் இரண்டாம்முறைப் பெறுபேறு வந்த அன்று தயாளினி அழவில்லை. மூன்று பாடமும் சித்தி, ஆனால் எடுத்த புள்ளி மருத்துவபீடத்துக்குக் காணாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாந்தரமும் எழுதலாம் என்று அருளம்பலம் சொன்னபோதும் "ஓம் அப்பா" என்றாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

சுன்னாகம் பக்கமிருந்து ரயில் கூவும் சத்தம் தோட்டம்வரை வந்தது. செல்வநாயகி காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு என்ன பயம் என்று அருளம்பலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. சேற்றுக் காலோடேயே மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கொக்குவிலில் தயாளினியின் பள்ளித்தோழி சாருஜாவின் வீடு இருந்தது. கேற்றடியில் இருவரையும் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"சாருஜா, எங்கடை பிள்ளை எங்கை? உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு, அம்மா."

"அன்ரி, அழாதேங்கோ. அவளுக்கு ஒண்டுமில்லை. இண்டைக்கு அவளுக்கு நேர்முகப் பரீட்சை. தொழில்நுட்பக் கல்லூரியிலை. உள்ளுக்கை போனை நிப்பாட்டச் சொல்லுவினம்."

செல்வநாயகி மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள்.

"அவளைப் பேசாதேங்கோ அங்கிள்" என்றாள் சாருஜா.

"பேசேல்லை" என்றார் அருளம்பலம்.

கல்லூரி வாசலுக்கு எதிரே, வேப்பமர நிழலில் இருவரும் காத்துநின்றார்கள். மத்தியானம் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நடுவில் தயாளினி. பக்கத்தில் வந்த பெட்டை ஏதோ சொல்ல, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். செல்வநாயகி கணவரின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பெற்றோரைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தயாளினி மெல்ல நடந்து வந்தாள்.

"கிடைச்சாப் பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார் அருளம்பலம்.

"ஓம் அப்பா."

"என்ன படிப்பு?"

"குளிரூட்டியள் பூட்டுறது, திருத்துறது. பெரிய குளிர் அறையளும்தான். ஒரு வருசம் வகுப்பு. பிறகு ஆறு மாசம் வேலை செய்யிற இடத்திலையே பயிற்சி, அவையளே இடம் பிடிச்சுத் தருவினம்." அவள் வேகமாகச் சொன்னாள், நிறுத்தினால் மறித்துவிடுவார்கள் என்பது போல. "இந்தக் கிழமை முழுக்கக் கொம்பியூட்டரும் கணக்கியலும் போய் விசாரிச்சனான். அதுகளைப் படிச்ச அக்காமார் சேட்டிபிக்கற்றோடை வீட்டிலை இருக்கினம். எங்கை போனாலும் அனுபவம் இருக்கோ எண்டுதான் கேக்கினமாம். இதிலை படிக்கேக்கையே அனுபவமும் வரும்."

"பொம்பிளைப் பிள்ளையள் ஆரும் சேருகினமோ?"

"என்னோடை ரண்டு பேர்."

அருளம்பலம் கன்னத்தைத் தடவினார். "கனடாவிலை பெரியப்பாவுக்கு என்னெண்டு சொல்லுறது? டொக்டருக்குப் படிக்கிறாள் எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கு."

தயாளினியின் கண் கலங்கியது. "அப்பா, சோதினை மண்டபத்துக்குள்ளை போனால் எனக்குக் கை விறைக்குது. தெரிஞ்ச விடையும் வருகுதில்லை. மூண்டாந்தரம் என்னாலை ஏலாது."

"பெரியப்பாவோடை நான் கதைக்கிறன்" என்றாள் செல்வநாயகி. இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "சோதினைக்குப் போற காலமையெல்லாம் கிணத்தடியிலை நிண்டு சத்தி எடுத்தவள். நான்தான் தண்ணி ஊத்திவிட்டனான். திரும்பவும் அதைப் பார்க்கோணுமே எண்டு இவ்வளவு நாளும் பயந்து கொண்டிருந்தனான். வேண்டாமப்பா. போதும்."

"இதை நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் அவர்.

"நீங்கள் ஆசைப்பட்டியள்."

அருளம்பலம் மகளுக்குக் கிட்டப் போனார். "காலமை நான் என்னவெல்லாம் நினைச்சு வந்தனான், தெரியுமே பிள்ளை? உன்னை உயிரோடை காணுவமோ எண்டு..." முடிக்காமல் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "படி. ஆனால் இனி எங்கை போனாலும் வீட்டிலை சொல்லிப்போட்டுப் போ."

தயாளினி அப்போதுதான் அழுதாள். செல்வநாயகி அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். வீதியென்றும் பார்க்காமல் மூவரும் அங்கேயே நின்றார்கள்.

விசயத்தைக் கேட்ட கனடாப் பெரியப்பா ஒரு கிழமை மனத்தாங்கலோடு இருந்துவிட்டு, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்லி நல்ல சப்பாத்து அனுப்பினார்.

அடுத்த வருடம் தயாளினிக்குப் பயிற்சி இடம் பருத்தித்துறையில், மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றில் கிடைத்தது. அவர்களோ மச்சமாமிசம் தொடாத சைவ வீடு. முதல்நாள் அவள் திரும்பி வந்தபோது செல்வநாயகி படலையடியிலேயே மறித்தாள்.

"குளிச்சிட்டுத்தான் குசினிக்குள்ளை வரலாம்."

"அம்மா, இண்டைக்கு நானே காஸ் ஒழுக்குக் கண்டுபிடிச்சனான்!"

"நல்லது. முதல் குளி."

சிரித்துக்கொண்டே தயாளினி கிணற்றடிக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழும் சத்தத்துக்கு மேலால், ஒழுக்கை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வநாயகிக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் அடுப்பைத் தணித்துவிட்டு, குசினி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள்.