பாறை மேலிருந்து கூவாத எண்

1

இந்தக் கதையின் முதல் வரைவு அழிந்துபோனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் அம்சவேணி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் மழைக்கு ஒதுங்கியபோது அவளே இதைச் சொன்னாள். சுடச்சுட அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு வரி இல்லை.

"நீங்க எந்திரிச்சதும் மூடிட்டனுங்க. லினக்ஸுங்க, வந்தவங்க போனா அவங்க தடம் அழியற மாதிரி வெச்சிருக்கறேன். இத்தன நேரம் அதத்தானுங்க சொன்னேன்!"

சொன்னாள்தான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

2

தொடக்கம்: 'மிளகுக் கொடிகள்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு...' வேண்டாம். கொல்லிமலை என்றாலே பனியை இறக்கிவிடுகிறோம்.

அந்த ஊரில் செல்போன் சிக்னல் ஒரு பாறை மேல் மட்டும்தான் கிடைக்கும். சென்டருக்கு இன்டர்நெட் கேபிளில் வந்துவிடும், ஓடிபி எண் போனுக்குத்தானே வரும்? அதனால் ஒருவர் போனோடு பாறையேறி எண்ணைக் கூவுவார், கீழே அம்சவேணி தட்டுவாள். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அதே ஊர்க் கவிதா நர்சிங் படிக்க விண்ணப்பித்த அன்று, பாறையேறிய சின்னான் எண்ணோடு சேர்த்து, "நம்ம கவிதாவுக்கு நர்சிங் காலேஜுங்கோ!" என்றும் கூவிவிட்டார். (நல்ல மனுஷன். சந்தோஷத்தில் கூவினார்.) மரவள்ளிக் காட்டில் நின்ற அவள் புருஷன் பூபதிக்கும் கேட்டது. சாயங்காலம் அவள் சான்றிதழ்களெல்லாம் அடுப்பில் எரிந்தன.

3

அம்சவேணி பழிவாங்க... இல்லை, அவள் அப்படிப்பட்டவளில்லை. அன்று சோறு இறங்கவில்லை அவளுக்கு. தன் சென்டரால் வந்த வினை என்று மனசு அறுத்தது. பிறகு கம்ப்யூட்டரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாள், தன் கடவுச்சொல் இல்லாமல் திறக்காதபடி டிஸ்க்கையே பூட்டினாள். கவிதாவுக்குப் புது மெயில் திறந்து, விண்ணப்பத்தின் ஓடிபி அதற்கே வரும்படியும், அந்த மெயிலைத் திறக்கும் எண் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாகும்படியும் வைத்தாள். சிக்னலும் வேண்டாம், பாறையும் வேண்டாம். சான்றிதழ்களுக்கு நகல் வாங்கி மறுபடி விண்ணப்பித்தபோது மலையில் ஒரு குரல் எழவில்லை.

(எனக்கு அம்சவேணிமேல் அப்படியொரு மரியாதை. கதாசிரியர் இப்படிப் பட்சம் பேசக் கூடாதுதான். பேசுகிறேன்.)

4

கவிதா ஊரைவிட்டுப் போன மறுநாள் பூபதி வந்தான்.

"எங்க போனா அக்கா? இதுலதான எல்லாம் பண்ணுனா?"

"உக்காந்து பாருங்க தம்பி."

பார்த்தான். ஒன்றும் இல்லை.

"பொட்டியத் தூக்கிட்டுப் போயி நாமக்கல்லுல தொறந்துக்கறேன்."

அம்சவேணியின் பிழைப்பே அந்தப் பெட்டிதான். ஆனாலும் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தூக்குங்க. நாஞ் சொல்லாம அது வாய் தொறக்காதுங்க."

5

முடிவு அ: பூபதி பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.

முடிவு ஆ: தூக்கிக்கொண்டு போனான், எந்தக் கடையிலும் திறக்க...

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டிலும் கவிதா படித்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து... முதல் வரைவில் அந்த ஊர்ப் பெயரை எழுதியிருந்தேன். அழிந்ததே நல்லது. அவள் பெயர் கவிதாவும் இல்லை.

கோபிக்காதீர்கள். படிப்பது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? பூபதியும் எழுத்துக்கூட்டிப் படிப்பான். ஊர் இல்லாமல் கதை முடியாது என்று தோன்றினால் உங்களுக்குப் பிடித்த ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.