மைனஸ் பதினெட்டில் ஒரு பீப்பாய்

நாட்டு மக்களுக்கும், அண்டை நாட்டாருக்கும், கடலில் போய்க்கொண்டிருக்கும் கப்பல்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தேமா துறைமுகத்தை அடுத்த அபாயப் பொதிச் சோதனை நிலையத்தில், மாண்புமிகு துணை அமைச்சர் முன்னிலையில், தேச வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பீப்பாய் கீழே போடப்படும்.

போடப்படும் உயரம் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். அதாவது நிலையத்தின் சோதனையாளர் டேடேயின் நெஞ்சளவு.

அறிவிப்பை எழுதியவர் நிலையத்தின் இயக்குநர், டாக்டர் பொறியாளர் ஒஃபோசு-பெக்கோ. டாக்டரை விட்டுப் பொறியாளர் என்றால் முகம் சுளிப்பார். பொறியாளரை விட்டு டாக்டர் என்றால் திருத்துவார். டேடேய் பதினோரு வருஷமாக இரண்டையும் விட்டு வெறும் 'சார்' என்றே கூப்பிட்டு வந்தாள். நிலையத்தில் சோதனை செய்து சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். இயக்குநருக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு ஒரு பரீட்சை உண்டு.

"நாலடி உயரத்துலேர்ந்து போடறதைப் பாக்கவா அமைச்சர் தலைநகர் அக்ராவுலேர்ந்து வர்றாரு?" என்றார் அவர். "கிரேன் வச்சுத் தூக்கு. காலிப் பீப்பாயா இருந்தா நல்லா குதிக்கும்."

"குதிக்கும் சார். காலியா இருக்கிற எல்லாமே நல்லா குதிக்கும். ஆனா விதிப்படி நிறைச்சு, மைனஸ் பதினெட்டு டிகிரியில குளிர வச்சு, விளிம்பு இரும்புத் தகட்டுல இடிக்கிற மாதிரி சாய்ச்சுப் போடணும்."

"மைனஸ் பதினெட்டு! நம்ம ஊர்ல அந்தக் குளிரை யாராவது பாத்திருக்கானா?"

"பீப்பாய் நம்ம ஊர்லயே இருந்தா நான் ஏன் கேக்கறேன்? எரிசாராயம் நிறைச்சு ஜனவரியில ஹாம்பர்க்ல இறக்கப் போறாங்க. அந்தப் பனியில விரிசல் விட்டா, பக்கத்துல ஒருத்தன் சிகரெட் பத்த வச்சாப் போதும்."

"அது அவன் தலையெழுத்து."

"போன வாரம் ரெண்டு பீப்பாயைக் குளிர வச்சுப் போட்டேன். ரெண்டும் பானை மாதிரி தெறிச்சுது."

"அது உன் கைராசி." அவர் டையைச் சரிசெய்துகொண்டார். "கேட்டுக்கோ. வியாழக்கிழமை அந்தத் தாள்ல உன் கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா வடக்கே பாகா எல்லையில சந்தைத் தராசு சரிபாக்கப் போயிடு. அங்க குளத்துல முதலை நிறைய இருக்கு. உன் குணத்துக்கு நல்ல துணை."

"முதலை பேசாது சார். எனக்கு அதுவே ஆறுதல்."

தேமாவில் மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர் சூரை மீன்களுக்கு மட்டுமே வாய்த்திருந்தது. முப்பது லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டில் உறையாத கலவை நீரை நிறைத்து, மீன் கிடங்கில் மூன்று நாள் வைத்திருந்தாள். வியாழன் காலை கிடங்கு மேஸ்திரி நார்ட்டே ஒன்றைத் தூக்கி வந்தான்.

"அக்கா, என் மீனெல்லாம் கேக்குது, இது யாரு புதுசான்னு."

"இன்னொண்ணு உள்ளயே இருக்கட்டும்."

"அதுவும் உறவா? சரி சரி, முறைக்காத."

பத்து மணிக்கு வெள்ளைப் பனி பூத்த பீப்பாய் மேடைக்கு முன்னால், நல்ல வெயிலில், நாட்டுக்கொடி நிற நாடா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டேடேய் வெப்பமானியைச் செருகிப் பார்த்தாள். மைனஸ் பதினெட்டு.

"சார், இப்பவே போட்டுடணும். சூடேறுது."

"நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு இருக்கும்மா. போய் ஓரமா நில்லு."

முதலில் போதகர் பீப்பாய்க்காக ஜெபித்தார். பிறகு ஒரு பெரியவர் ஜின் சாராயத்தைத் தரையில் ஊற்றி முன்னோர்களை அழைத்தார். விழாத் தலைவர் அறிமுகப்படுத்தப்பட்டார். அறிமுகம் செய்தவரைத் தலைவர் அறிமுகப்படுத்தினார். தலைவர் பொறுப்பை ஏற்று அரைமணி நேரம் பேசினார். பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். துணை அமைச்சர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததால் போதகர் மறுபடி ஜெபித்தார். அதன் பிறகு டாக்டர் பொறியாளர் எழுந்து, பாதுகாப்பு என்பது ஒரு தவம் என்று தொடங்கினார். தவம் நீண்டது. பீப்பாயின் பனி உருகிச் சொட்டியது, வியர்த்தது, பிறகு வியர்வையும் காய்ந்தது.

ஒன்றே முக்காலுக்கு டேடேய் மறுபடி வெப்பமானியைச் செருகினாள். பிளஸ் இருபத்தாறு.

அவள் மேடை ஏறி அவர் காதருகே குனிந்தாள். "கொதிக்குது சார். கிடங்குல இன்னொண்ணு தயாரா இருக்கு. பத்து நிமிஷத்துல கொண்டாறேன்."

"அமைச்சருக்குச் சாப்பாட்டு நேரம். போடு."

"இது சோதனையே இல்ல."

"போடுடீ!" என்றார், அமைச்சரைப் பார்த்துச் சிரித்தபடியே.

போட்டாள். விதிப்படி சாய்த்து, விதிப்படி நெஞ்சளவு உயரத்திலிருந்து. பீப்பாய் தொப்பென்று விழுந்து, ஒரு எம்பு எம்பி, உருண்டுபோய் மாண்புமிகுவின் காலணியைத் தொட்டு நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. பாண்டு முழங்கியது. பீப்பாய்த் தொழிற்சாலைக்காரர் அழுதே விட்டார்.

தாளை அவள் முன் நீட்டினார் இயக்குநர். "எழுது. இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

டேடேய் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். உயரம்: 1.2 மீட்டர். விழுந்த விதம்: விளிம்பில், சாய்வாக. முடிவு: உடையவில்லை, ஒழுகவில்லை. விழும்போது வெப்பநிலை: பிளஸ் 26. பிளஸ் குறியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். பொய் என்று ஒரு எழுத்து இல்லை. கீழே கையெழுத்திட்டாள்.

அவர் கையெழுத்தை மட்டும் பார்த்தார். "பாத்தியா, பயம் வந்தா புத்தி தானா வருது."

தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். மறுநாள் செய்தித்தாளில் கால் பக்கத்துக்கு வந்தது. தாளின் நகல் ஒன்று பொன்னிறச் சட்டத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. இன்னொன்று எட்டாயிரம் பீப்பாய்களோடு துறைமுகத்துக்குப் போனது. அங்கே கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவன், வேறு வேலை இல்லாததால், தாளை முழுக்கப் படித்தான். எட்டாயிரமும் காலியாகவே திரும்பி வந்தன.

"என் முதுகுல குத்திட்டே!" என்று மேசையை அறைந்தார் இயக்குநர்.

"உங்க முதுகுக்குப் பின்னாலதான் சார் தொங்குது, ஒரு மாசமா. திரும்பிப் பாத்திருக்கலாம்."

"வெளியே போ! இந்த ஊர்லயே இருக்காதே!"

மாற்றல் உத்தரவு அன்று மாலையே வந்தது. அதில் அவள் பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள். அதையும் அவர் படிக்காமல்தான் கையெழுத்திட்டிருந்தார். எட்டாயிரம் பீப்பாய்களையும் தொழிற்சாலைக்காரர் வந்த விலைக்கு வடக்கே லாரி ஏற்றினார்.

பாகாவில் அவளுக்குக் கொடுத்த அறையில், தண்ணீர் பிடித்து வைக்க நீலப் பீப்பாய் ஒன்று இருந்தது. அது ஒழுகியது.