தோள் வரைக்கும் வந்த படம்

புனேயில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கும் மகன் ஜைத் மூன்று நாளாக ஃபோனை எடுக்கவில்லை. எஸ்.எம்.எஸ். மட்டும் வந்துகொண்டிருந்தது. கையில் சின்ன அடி, ஆஸ்பத்திரியில் பேச விடமாட்டார்கள், நல்லா இருக்கேன். ஆங்கில எழுத்தில் வருகிற அந்தத் தமிழை மகள் ஷாயிஸ்தாதான் படித்துச் சொல்ல வேண்டும். சாஜிதா கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. மகனும் மறைப்பான், மகளும் மறைப்பாள். இரண்டும் அவள் வயிற்றில் பிறந்ததுதானே, அவளுக்குத் தெரியாதா?

"படம் அனுப்பச் சொல்லுடி. படத்துக்கு நீ வேணாம், நானே பாத்துப்பேன்."

வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளை ஃபோனுக்குப் படம் வராது. தாம்பரம் மார்க்கெட்டில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் யூனிஸிடம் கலர் ஃபோன் இருந்தது. அவன் நம்பரை ஜைத்துக்கு அனுப்பிவிட்டு, காலை பத்து மணியிலிருந்து இருவரும் கடை வாசலில் நின்றார்கள். சாஜிதாவுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. துஆ ஓதி ஓதி உதடு காய்ந்துவிட்டது.

"எஸ்.எம்.எஸ். மாதிரி இல்லக்கா இது. நெட் செட்டிங் வேணும், டவர் வேணும். பேஜார் புடிச்ச வேல," என்றான் யூனிஸ். திரையில் கோடு பாதி தூரம் நகர்ந்து நின்றது. "தோ, வந்துகினு கீது."

நாலாவது தடவையில், ஒன்றரை மணிக்கு வந்தது. ஜைத்தின் முகம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள கணக்கா கீறான்க்கா! இதுக்கா அழுதுகினு இருந்தீங்க?"

சாஜிதா அப்போதுதான் அழுதாள். நிம்மதி அப்படித்தான் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை வாங்கி இன்னொரு முறை பார்த்தாள். படம் தோளோடு முடிந்திருந்தது. ஃபோட்டோ என்றாலே இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை அவன்.

"கையக் காட்டச் சொல்லு," என்றாள்.

ஷாயிஸ்தா கையோடு கொண்டுவந்திருந்த வீட்டு ஃபோனில் எழுதி அனுப்பினாள். யூனிஸின் கலர் ஃபோனையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. கால் மணி நேரம் கழித்து, ஷாயிஸ்தாவின் கையிலிருந்த ஃபோன்தான் சத்தம் போட்டது. படம் கேட்டதற்கு எழுத்து வந்திருந்தது.

ஷாயிஸ்தா படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. சாஜிதா ஃபோனைப் பார்க்காமல் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன விரலு?" என்று கேட்டாள்.