கும்மியின் கடைசி அடி

கிருபாபாய் டீச்சருக்கு ஒரே கவலைதான். போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளுக்கு விசில் பறந்தது. இராஜபாளையத்தில் தன் பிள்ளைகள் மட்டும் கும்மியடித்துக்கொண்டு நின்றால் மானம் என்னாவது?

ஒத்திகையில் பத்தாம் வகுப்பு வெள்ளத்தாய்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். கடைசி அடியில் ஊர்ச்சேதியைக் கட்டிப் பாடுவது அவர்கள் தெருப் பெண்களின் வழக்கம். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். கும்மியில் பாடியதற்கு யாரும் கோபிக்கக் கூடாது.

“பத்தாம் வகுப்புப் படிக்கையிலே – எனக்குப்
பந்தக்கால் ஊன்ற நாள் குறிச்சார்...”

மற்ற பிள்ளைகளின் கைத்தட்டு தடுமாறியது.

“ஏட்டி, நிறுத்து! விழாவுல என்ன ஒப்பாரி? கும்மியே வேண்டாம். கேசட்டப் போடுங்க.”

“டீச்சர், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐயா விழாவுக்கு வாராகல்ல? அவிய முன்னால அந்த அடிய மட்டுமாவது பாடிக்கிடுறேன்.”

“அவியளுக்கு இதக் கேக்கத்தான் நேரமாக்கும்!”

மறுநாள் வெள்ளத்தாய் பள்ளிக்கூடத்துச் சலங்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “பொறவு குடுக்க முடியாது டீச்சர்” என்றாள். சிறுபிள்ளைக் கோபம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். கேட்க மனமில்லாதவர்களுக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றும்.

விழா அன்று கேசட் அலறியது. ஆட்டத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. ஆடி முடித்து மூச்சிரைக்க வந்த அழகுத்தாயை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளத்தாய எங்கட்டி?”

“காலைல ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் கோயில்ல வச்சுத் தாலி கட்டிட்டாக, டீச்சர். ஒங்ககிட்டதான் அவ மொதல்ல சொன்னா. நீங்க பாட்டுன்னு நெனச்சிட்டீக.”

டீச்சர் மேடை ஏறினார். அடுத்த பாட்டு தொடங்குமுன் கேசட்டை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“நம்ம கும்மிய மட்டமா நெனச்சு நான் நிறுத்துனேன். ஒரு பிள்ளையோட வாயையும் சேத்து அடைச்சிட்டேன். இந்தப் பாட்டு மேடை அலங்காரத்துக்கு இல்ல. நம்ம பொண்ணுக மனசுல உள்ளதச் சொல்லத்தான் இது. இதப் பள்ளிக்கூடத்த விட்டு விரட்டுனா, பிள்ளைக யார்கிட்டப் போய்ச் சொல்லும்? அழகுத்தாய், நீ எடுத்துக் குடு.”

பிள்ளைகள் வட்டமாகக் கூடினார்கள். அழகுத்தாய் நடுவே வந்தாள். தோழியின் அடியையேதான் எடுத்தாள். ஆனால் ‘எனக்கு’ என்று வந்த இடத்தில் தனக்கும் நாள் குறித்தாயிற்று என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தானே ஓர் அடியைக் கட்டிச் சேர்த்தாள்.

“எட்டநின்னு பார்க்கும் சாதிசனம் – இதை
என்னன்னு கேக்க ஆளில்லையோ!”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் வரிசையில் அழகுத்தாயின் அப்பா ஆண்டிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஏட்டி, எறங்கி வா கீழ!”

பிள்ளைகளின் கைகள் அப்படியே நின்றன. டீச்சர் மேடையின் விளிம்புக்கு வந்து அவருக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்றார்.

“உக்காருங்கண்ணே. கும்மியில பாடுனதுக்குக் கோவிக்கக் கூடாது. இன்னைக்குக் கேக்க ஆள் இருக்கு. பிள்ள பாடட்டும்.”