பட்டி பார்த்த படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்காரர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் உள்ளே படம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சினிமாப் படம் இல்லை. அவரவர் போனில் எடுத்த போட்டோ. தையல்காரர், ஒரு நர்ஸம்மா, ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பெயிண்டர், இன்னும் இரண்டு மூன்று பேர். பிழைப்புக்கு ஒரு வேலை, பிரியத்துக்கு இது என்று இருப்பவர்கள். ஒருத்தர் தன் படத்தை டிவியில் போட, மற்றவர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தால், கடையைக் கூட்டிப் பெருக்குவது அவர் தலையில் விழும். எடுத்தவர் அதுவரை வாயே திறக்கக் கூடாது. பெயிண்டருக்கு அந்தச் சட்டம்தான் பெரிய தண்டனை.

அன்றைக்கு அவர் படத்தின் முறை. நர்ஸம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் இவர்கள் படங்களை மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூடத்துக்குப் பெயிண்ட் அடித்ததே இவர்தான். ஏணியில் நின்று கழுத்து ஒடிய அடித்தது. எல்லாரும் கை தூக்கினால்தான் படம் தேறும். மற்ற எல்லாருடைய படமும் தேறிவிட்டது, இவருடையது மட்டும் இரண்டு தடவை திரும்பிவிட்டது. இன்றைக்கும் தேறாவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே இடம் கண்டக்டரின் இன்னொரு படத்துக்குப் போய்விடும். கண்டக்டர் யாரோ இல்லை, பெயிண்டர் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி.

"சுவர் அடிச்சது நானு, படம் மாட்டுறது மச்சானா? நல்லா இருக்குடா நியாயம்!" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டுதான் வந்தார்.

படத்தைப் போட்டார். சமையலறைத் தரையில் அவர் பெண்டாட்டி கால் நீட்டி, சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். மடியில் பாதி உரித்த வெங்காயம். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில்.

"வெளிச்சம் பதமா விழுந்திருக்கு. கை அசந்து கிடக்குறதைப் பாத்தாலே அலுப்பு தெரியுது," என்றாள் நர்ஸம்மா. "ஆனா..."

அந்தக் கடையில் கத்தரிக்கோலைவிடக் கூர்மையானது அந்த "ஆனா".

"என்னமோ ஒட்டலைங்க."

"ஒட்டலைங்கறதைவிட, ஒட்டவெச்ச மாதிரி இருக்கும்மா," என்றார் தையல்காரர். "தங்கச்சியைத் தனியா வெட்டி எடுத்து வெள்ளைத் துணியில ஒட்டின கணக்கா. சாஞ்சிருக்காங்க, சரி. எதுமேல சாஞ்சிருக்காங்க?"

கண்டக்டர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். "மாமா, அக்கா தலைக்குப் பின்னாடி எண்ணெய்க் கறை இருக்குமே, அது எங்க?"

பெயிண்டருக்குக் காது சிவந்தது.

"தினமும் அதே இடத்துல சாஞ்சு சாஞ்சு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், அதை மறைக்க முடியாதே! எப்படி மறைச்சீங்க?"

பெயிண்டரால் அடக்க முடியவில்லை. "பெயிண்டர் வீட்டுச் சுவத்துல கறைன்னா ஊரு சிரிக்காதா? எவன்டா வேலைக்குக் கூப்பிடுவான்? போன்ல விரலால தேய்ச்சா போகும்னு இருந்துச்சு, தேய்ச்சேன்!"

"அடப்பாவி மாமா, படத்துக்கே பட்டி பாத்துட்டீங்களா!"

கடை அதிர்ந்தது. பெயிண்ட் அடிக்கும் முன்னால் சுவரில் உள்ள பள்ளம், கீறலையெல்லாம் பசை மாதிரி பூசி அடைத்துத் தேய்ப்பார்களே, அதுதான் பட்டி. தையல்காரருக்குப் பொறி தட்டியது. திரும்பிப் போன பழைய இரண்டு படங்களையும் தேடிப் போட்டார். ஒன்றில் பஸ் நிறுத்தம். சுவரொட்டி கிழித்த தடம் ஒன்றுகூட இல்லை. இன்னொன்றில் இடிந்த வீடு. இடிந்த வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இல்லை!

"யோவ், நீ தொழில்காரன்யா," என்றார் தையல்காரர், சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர. "மூணு படம். எங்க ஒருத்தர் கண்ணுக்கும் பூச்சு தெரியலையே!"

பெயிண்டரும் சிரித்துவிட்டார். வேறென்ன செய்ய? கறையைக் கண்டால் கண்ணுக்கு முந்திக் கை போகிறது. நாள் பூரா அதற்குத்தானே கூலி. தேய்க்காத படம் போனில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைப் போடாமல் போனைக் கையில் மூடிக்கொண்டார்.

"கறையை அழிச்சுட்டேன்னு சொல்லித்தான் அவகிட்ட சம்மதம் வாங்கினேன். கேக்காம காட்ட மாட்டேன்."

போன் போட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"என்னங்க, தேறுச்சா?"

"அக்கா," மச்சான் முந்திக்கொண்டான். "அந்தக் கறை இருந்தாத்தான் நீ இருக்குற மாதிரியே இருக்கு."

"ஏன்டா, நான் என்ன கறையா?"

கடையே சிரித்தது. பெயிண்டர் மட்டும் சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"திருடியா சேத்த கறை? அடுப்படி வேலையை முடிச்சு சாஞ்சு சேத்தது," என்றாள் அவள். "போடுங்க. ஊர்ச் சுவரையெல்லாம் அடிக்கிற மனுஷனுக்கு இந்த ஒரு சுவரை அடிக்க நேரமில்லைன்னு நாலு பேரு பாக்கட்டும்!"

படம் வந்தது. சிரிப்பு தானாக அடங்கியது. கறுத்த வட்டத்துக்குள் அவள் தலை, அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. இப்போது அது அவள் சுவர். எத்தனை சாயங்காலத்து அசதி அங்கே இறங்கியிருக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

"இப்ப சாஞ்சிருக்காங்க," என்றார் தையல்காரர்.

"பாத்தா எனக்கே கொஞ்சம் சாயணும்போல இருக்கு," என்றாள் நர்ஸம்மா.

முதலில் தூக்கிய கை மச்சானுடையது. தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுக்கிற கை. அப்புறம் ஒரு கைகூட பாக்கியில்லை. "மாமா, விருந்து உண்டுல்ல?" என்றவன் முதுகில் பெயிண்டர் வைத்த அடி, அடியா அணைப்பா என்று அவனுக்கே புரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் படம் ஏறிய அன்று பெண்டாட்டியும் வந்திருந்தாள். காத்திருந்த ஒருவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீங்களாம்மா?"

"நானேதாங்க. வெளிச்சம் நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. மூக்குதான் கொஞ்சம் பெருசா வந்துடுச்சு. ரொம்பக் கிட்ட வந்து எடுத்துட்டாரு."

டாக்டர் அறைக்குள்ளிருந்து காத்திருந்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரமும் கூப்பிட்டார்கள். மனுஷன் படத்தை விட்டு நகரவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் நின்ற பெயிண்டர், அவருக்கு நினைவுபடுத்தலாமா என்று யோசித்தார். சரி, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்று விட்டுவிட்டார்.