பெயர் விடுபட்ட மனு

மாலை ஆறு மணி. வீட்டு வேலையை முடித்த வேலைக்காரப் பெண் வெளிக்கதவருகே நின்று தன் பையைத் தரையில் கவிழ்த்தாள். எதிர்வீட்டு டிரைவர் காரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் குனியவில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் யார் முன்னாலும் குனிந்ததில்லை. கைத்தடி நுனியால் சீப்பையும் டிபன் பாக்ஸையும் மாற்றுச் சேலையையும் தள்ளிப் பார்த்தார்.

"சரி, போ."

பதினோரு வருடமாக இதுதான் ஒழுங்கு. ஒருநாளும் எதுவும் அகப்பட்டதில்லை. அதைத் தம் சோதனையின் வெற்றியாகவே அவர் கருதினார்.

"ஏம்ப்பா, என்னிக்காவது ஏதாவது கெடச்சுதா?" என்றாள் மகள்.

"பாக்கறதாலதான் கெடைக்கல. கௌரவம்னா சும்மாவா?"

மகள் குற்றவியல் நீதி இறுதியாண்டு மாணவி. அந்த வகுப்பை ரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்புக்கு நாற்பது மணி நேரச் சேவைக்கு அனுப்பியிருந்தார்கள். நாலைந்து மொழிக்காரர்கள் வாழும் இடம். அவர்களுக்கு மனு எழுதித் தர வேண்டும். "நாளைக்கு அதிகாரம் பண்ணப் போறவங்க, இன்னிக்கு அவங்க முறையில அவங்க பேசறதக் கேளுங்க. ஒரு வார்த்தையும் மாத்தக்கூடாது" என்பது பேராசிரியரின் கட்டளை. அனுபவமுள்ள ஒருவர் படித்துப் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டால்தான் மனு காவல் நிலையத்துக்குப் போகும்.

மறுநாள் குடியிருப்பில் மகளின் மேசைக்கு முதலில் வந்தவள் அதே வேலைக்காரப் பெண்தான். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க வீட்லன்னா நிப்பேன் பாப்பா. இங்க நீதான் விருந்தாளி."

"சொல்லுங்கக்கா."

சொன்னாள். மகள் எழுதினாள். எதிர்மனுதாரர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"சோறு போட்ட வீட்டு ஐயா பேர எங்க ஜனம் வாயால சொல்லாது" என்றாள் அவள். முகம் சிரிக்கவில்லை, கண் சிரித்தது. "உனக்குத் தெரிஞ்சா எழுதிக்க."

வீட்டில் இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மனுவை உரக்கப் படித்தார். மனுதாரர் பெயர் அவருக்குப் புதிது; வேலைக்காரியின் பெயரைப் பதினோரு வருடத்தில் அவர் கேட்டதேயில்லை.

"'என் மகளுக்குப் பால்பல் விழுந்த நாள்லேருந்து, வேலை முடிஞ்சு கெளம்பறப்ப தெருவே பாக்க என் பையைக் கவுக்கச் சொல்றாரு. நான் திருடினதா ஒரு தரமும் சொன்னதில்ல. நம்பினதுமில்ல. அடுத்த மாசம் எனக்குப் பதிலா என் மக வேலைக்குப் போவா. அவ பையைக் கவுக்கக் கூடாது.' பால்பல்லா? இதெல்லாம் ஒரு தேதியா?"

"அவங்க கணக்கு அப்படித்தாம்பா. மாத்தக்கூடாது."

"எவன்டா இவன், நடுத்தெருவுல ஒரு பொம்பளைய நிக்க வெச்சு? கொஞ்சம்கூட வெக்கமில்லாம?"

அடுக்களையில் அவர் மனைவிக்குப் புரையேறியது. "அந்த ஆளு வீட்ல கண்ணாடியே இல்ல போலிருக்குங்க."

இன்ஸ்பெக்டருக்கு எழுத்து வேகம் வந்துவிட்டது. 'எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் பிறர் உடைமையைச் சோதிப்பது அடாத செயல். தயவு காட்ட வேண்டாம்' என்று பரிந்துரை எழுதி, பழைய பதவியோடு கையெழுத்துப் போட்டார்.

"நான் இருந்த ஸ்டேஷன்தான். என் கையெழுத்தப் பாத்தா ஓடி வருவானுங்க. ஆமா, பேரு ஏன் காலியா இருக்கு?"

"அந்தம்மா சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குத் தெரியும். எழுதவாப்பா?"

"பேர் இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும். பெரிய மனுஷன்னு பாக்காத. எழுது."

"நெஜமாவா?"

"நான் சொல்றேன், எழுது."

அப்பா சொல்லை மகள் தட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே ஆறு மணி. பை கவிழ்ந்தது. சீப்பு, டிபன் பாக்ஸ், சேலை. மேலே முத்திரை குத்திய ஒரு தாள்.

"இதென்ன?"

"நகல் ஐயா. ஸ்டேஷன்ல குடுத்தாங்க."

கைத்தடியால் தாளைப் புரட்ட முடியவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து எடுத்தார். கீழே அவர் கையெழுத்து. மேலே, மகளின் முத்து முத்தான எழுத்தில், அதே பெயர். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். மகள் ஒளிந்துகொள்ளவில்லை.

"நான் உங்க பேரச் சொல்லல ஐயா" என்றாள் வேலைக்காரப் பெண். பிறகு காலிப் பையை விரித்துப் பிடித்தாள். "எடுத்து வெச்சீங்கன்னா கெளம்பிடுவேன்."

எதிர்வீட்டு டிரைவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வசதியாக நின்றான்.

இன்ஸ்பெக்டர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். முதலில் சீப்பை எடுத்தார்.