யூரியாவுக்குக் காவல்

சுலக்ஷனாவுக்கு வேண்டியது ஒரு போத்தல் தண்ணீர். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அள்ள வேண்டும். அதற்குள் முகத்துவாரத்து மண்மேட்டை யாரும் வெட்டிவிடக் கூடாது. கடல் உள்ளே நுழைந்தால், வாவியில் எவ்வளவு நைதரசன் என்று பதினொரு மாதம் அளந்த ஆய்வு பாழ்.

புதன்கிழமையே வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் மழையில் மூழ்கத் தொடங்கின. வழக்கமாக, மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடச் சொல்லி விவசாயிகள் வருவார்கள். வெட்டினால் இறால் ஓடிவிடும் என்று மீனவர்கள் மறிப்பார்கள். அந்தச் சண்டை இரண்டு நாள் இழுக்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

இம்முறை சண்டை தலைகீழாக வந்தது. தவறு அவளுடையது. வயலுக்குப் போடும் யூரியாவில் பாதி வாவிக்கு வந்து சேர்கிறது என்று போன வாரக் கூட்டத்தில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட விவசாயச் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி, மண்மேட்டில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் குடையோடு உட்கார்ந்துவிட்டார்.

“வாவிக்குள்ள கிடக்கிறது எங்கட பசளை. வெட்டினா கடலுக்குப் போயிரும்.”

விவசாயி வெட்டாதே என்கிறான் என்றால் ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று மீனவர் சங்கத்து அல்பேட்டுக்குத் தோன்றியது. வெட்டியே தீருவோம் என்று மண்வெட்டிகளோடு ஆட்களைக் கூட்டி வந்தார். இறாலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சுலக்ஷனா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; கதிரை இருக்கும்வரை மேடும் இருக்கும். ஆனால் வியாழன் மத்தியானம் வினாயகமூர்த்தியின் மனைவி கஜானி அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். நெல் மூன்று விரல்தான் வெளியே தெரிகிறதாம். மூன்று விரல் தாராளம் என்றார் அவர்.

சுலக்ஷனாவுக்குப் பொறுக்கவில்லை. யூரியா முழுவதும் தண்ணீரில் இல்லை, சேற்றிலுள்ள கிருமிகள் பெரும்பகுதியை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிட்டன என்று சொன்னாள்.

வினாயகமூர்த்தி குடையை மடக்கி வானத்தைப் பார்த்தார்.

“அப்ப அது இப்ப ஆர்ர வயல் வட்டைக்கு மேல நிக்கிது, மிஸ்?”

“எல்லார்ர வட்டைக்கும் மேலதான், அண்ணன்.”

எல்லாருக்கும் சொந்தமானதைத் தான் ஒருவனே காப்பதா? அவர் எழுந்து மண்வெட்டி கேட்டார். திரும்பிப் பார்த்தால், கதிரையில் அல்பேட்.

“எழும்பு அல்பேட். நீதானே வெட்டச் சொன்னாய்.”

“நீ வேணாமெண்டாய், அதால சொன்னன். இப்ப உனக்கு வேணுமெண்டா எனக்கு வேணா.”

மறுநாள் காலை ஆறு மணிக்கும் அல்பேட் அசையவில்லை. சுலக்ஷனா போத்தலை அமிழ்த்தினாள், மூடினாள், ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். நெல் இன்னும் ஒரு விரல் வெளியே நிற்பதாகக் கஜானி அறிவித்தாள்.

சுலக்ஷனா வினாயகமூர்த்தியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, மேட்டைக் கொத்தத் தொடங்கினாள். அவள் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அது தெரியாமல் மறிப்பது எப்படி? இரண்டு கூட்டமும் பார்த்துக்கொண்டு நின்றது. சாண் அகலத்தில் ஓடிய தண்ணீர் முழ அகலமானது. மண் சரிந்து கதிரையின் ஒரு கால் புதைந்தது.

அல்பேட் துள்ளி எழுந்தார். அப்போதுதான் அவருக்கு இறாலின் ஞாபகம் வந்தது.